ஒரு பாட்டிலுக்கு ஒரு பாட்டில்

ஜனவரி 3, ஞாயிறு

பனி. எட்டு மணி வரை கோபுரம் கண்ணில் படவில்லை. பகல்பத்து ஐந்தாம் நாள். தெரு முழுக்கச் செருப்பு, சாணம், ஒலிபெருக்கி.

காலை வேலைகள்: வாசல் தெளித்தது. கோலம் இல்லை, எனக்கு வராது. மனைவி ஜா.வுக்குத் துவைத்த புடவை இரண்டு. பல் துலக்க மெல்லிய வேட்டித் துணி (பிரஷ் கூடாது, ஈறு கசிகிறது). சாற்றமுது (ரசம்) கரைத்த சாதம், பிளாஸ்க்கில்.

எதிரே வந்த பஸ்களில் படிக்கட்டு வரை ஆள். அக்கரைக்குப் போன பஸ்ஸில் நானும், கண்டக்டரும், ஒரு கூடை வாழைக்காயும். உலகம் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருகிறது. நான் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு.

டாக்டரம்மாள் வராந்தாவில் நிறுத்திப் பேசினார். பழையது: ஜானகியின் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது; ஏன் என்று யாருக்கும் தெரியாது; மூன்று வாரத்துக்கு ஒருமுறை பிறர் ரத்தம் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. ஆறு மாதமாகக் கேட்கும் பாடம். புதியது: கேட்டருகே நின்று ரத்தம் விற்கும் ரிக்ஷாக்காரர்களிடம் இனி எடுப்பதாக இல்லை. "பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் விக்கறாங்க சார். அது ரத்தமே இல்லை, சிவப்புத் தண்ணி. அவங்களுக்கே நான் ஏத்தணும்." அவர் சொன்னது நியாயம். நியாயம் என்பதால் எனக்கு உதவி ஒன்றும் இல்லை.

விதி: ரத்த பாங்கிலிருந்து ஒரு பாட்டில் எடுத்தால் ஒரு பாட்டில் தர வேண்டும். எந்த வகையானாலும் சரி. என்னுடையது நவம்பரில் போயிற்று; பிப்ரவரி வரை மறுபடி எடுக்க மாட்டார்கள். கல்லூரி டிபார்ட்மெண்ட் நண்பர்கள் இருவர் டிசம்பரில் கொடுத்தார்கள். இப்போது விடுமுறை, ஊரில் இல்லை. அடுத்த பாட்டில் சனிக்கிழமைக்குள்.

"சொந்தக்காரங்க இருப்பாங்கல்ல?" என்றார்.

இருக்கிறார்கள். புதன்கிழமை வருகிறார்கள்.

ஜனவரி 4, திங்கள்

வெயில். காவேரியில் முழங்கால் தண்ணீர்.

வார்டுக்கு மாதர் கிளப் வந்தது. ஆறு பெண்மணிகள், ஒரு போட்டோக்காரர், ஆரஞ்சுக் கூடை. ஒரு கட்டிலுக்கு இரண்டு பழம். ஜா.வின் கட்டிலருகே தலைவியம்மாள் புன்னகை மாறாமல் நின்றார், போட்டோ விளக்கு மின்னும் வரை. அவர்கள் போனபின் ஜா. சொன்னாள்: "ஏன்னா, ஆறு பேர். பார்த்தேளா? எல்லாரும் நல்ல சிவப்பு."

சிரித்தாள். ஈறில் ரத்தம். துணியால் ஒற்றினேன்.

ஆறு மாதத்தில் எனக்கு இலவசமாக வழங்கப்பட்ட வைத்தியம்: பீட்ரூட். பேரீச்சம்பழம் தேனில் ஊறியது. முருங்கைக்கீரை. இரும்புச் சட்டியில் சமையல். செவ்வாய் தோஷ நிவர்த்தி. ஆட்டு ஈரல் (இதைச் சொன்னவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்). சமயபுரத்துக்கு நடை. பாம்பு அடித்த பாவம் ஏதாவது உண்டா என்று விசாரிப்பது.

இவர்களில் ரத்தம் கொடுக்கிறேன் என்றவர் ஒருவரும் இல்லை.

ஜனவரி 6, புதன்

வந்தாயிற்று. பெரியவர் பதினோரு பேர், குழந்தைகள் மூன்று, பெட்டி எண்ணவில்லை. தலைமை வரதன்: ஜா.வின் அண்ணா, என்னைவிட இரண்டு வயது இளையவர், சென்னையில் அக்கவுண்ட்ஸ் ஆபீசர். ஏகாதசி விரதத்தை நாற்பது வருஷமாக ஒன்றுகூட விட்டதில்லை. இது எனக்கு நாற்பது தடவை சொல்லப்பட்ட செய்தி. கூட அவர் மனைவி கமலம், தம்பி ராகவன், மகன் சம்பத்து. மற்றவர்கள் அவரவர் பெண்டு பிள்ளைகள்.

சமையலறை கமலத்தின் கைக்குப் போயிற்று. என் காபி டம்ளரை வெளியில் எடுத்து வைத்துவிட்டார்கள், மடி. வீட்டில் இத்தனை சத்தம் கேட்டு ஆறு மாதம். எனக்குப் புத்தக அறையில் ஒரு பாய்.

சாயங்காலம் ஜா.வைப் பார்க்க எல்லோரும் போனார்கள். கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள். ஒழுங்காக அழுதார்கள். பிறகு வரதன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, கேக்கறேன்னு தப்பா நினைக்கப்படாது. இதுவரைக்கும் அவளுக்கு ஏத்தினதெல்லாம் யார் ரத்தம்?"

"பாட்டிலில் பெயர் எழுதுவதில்லை."

"அதான் சொல்றேன். யாரோ, என்னமோ. குலம் கோத்ரம் ஒண்ணும் தெரியாம உள்ள ஏத்திண்டா…"

"சரி. உங்களுடையதைக் கொடுங்கள்."

வாயை மூடினார். ஒரு வினாடிதான். இந்த மனிதரை இருபத்திரண்டு வருஷத்தில் நான் வாயடைக்க வைத்தது இந்த ஒருமுறைதான். சந்தோஷம் இல்லை.

ஜனவரி 7, வியாழன்

மேகம். ஜா.வுக்கு விடியற்காலையில் மூக்கில் ரத்தம். பஞ்சு வைத்து அடைக்க வெகுநேரம் ஆயிற்று என்று சிஸ்டர் ஆரோக்கியமேரி. கை முழுக்க நீலத் திட்டுகள், யாரும் அடிக்காமல். டாக்டர்: "சனிக்கிழமை ஏத்தியே ஆகணும். அதுக்கு மேல நான் பொறுப்பில்லை."

வீட்டில் சொன்னேன். சபை கூடியது. எடுத்தால் எத்தனை எடுப்பார்கள்? திரும்ப ஊறுமா? ராகவனுக்குச் சர்க்கரை என்று ஒரு சந்தேகம் இருந்து, விசாரித்ததில் இல்லை என்று தெளிந்தது. சம்பத்துக்குக் கல்யாணம் ஆகவேண்டும், பலவீனம் வந்துவிடுமோ என்று கமலம். கடைசியில் வரதன் கையை உயர்த்தினார்.

"வெளி ஆள் வேண்டாம். நானும் ராகவனும் சம்பத்தும். சனிக்கிழமை ஏகாதசி. பரமபத வாசல் தாண்டின கையோட நேரே வந்து குடுத்துடறோம். அதைவிட நல்ல நாள் ஏது? பெருமாள் காரியம் மாதிரி பண்ணிடுவோம்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் நன்றி சொன்னேன். சொல்ல முடிந்தது.

டாக்டரிடம் போய் மூன்று பேர் என்று சொல்லி வந்தேன். ஆரோக்கியமேரி: "மூணா! ஜாக்பாட்டுதான் சார்."

ஜனவரி 8, வெள்ளி

தசமி. பெருமாளுக்கு இன்று நாச்சியார் திருக்கோலம். வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் சேவிக்கப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை. புத்தக அறை ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், இரண்டு பெண் குரல். ஒன்று கமலம். மற்றது யாரென்று பார்க்கவில்லை; பார்த்தால் அந்த முகத்தோடு ஒரே வீட்டில் இன்னும் இரண்டு நாள் இருக்க வேண்டும்.

"பாவம், கஷ்டப்படறா."

"அப்படிச் சொல்லாதே. நாளைக்கே ஒண்ணு ஆனாலும் அவளுக்கென்ன, வாசல் திறந்திருக்கு, நேரே வைகுண்டம்தான். யாருக்குக் கிடைக்கும்?"

"அதுவும் வாஸ்தவம்தான்."

வாஸ்தவம்தான். ஜன்னலைச் சாத்தினேன். சத்தம் வராமல் சாத்தினேன்.

இன்னொன்று. ஏகாதசிக்கு முன்னிரவு ஜா. எனக்கென்று ஒரு கிண்ணம் தயிர்சாதம் பிசைந்து, தட்டு மூடி, கொல்லை அலமாரியில் வைப்பாள். அவள் பட்டினி, நான் நம்பாதவன், நான் சாப்பிடலாம். கல்யாணமான முதல் வருஷத்து ஒப்பந்தம். "நாஸ்திகன் பங்கு" என்று அதற்குப் பெயர். ராத்திரி அலமாரியைத் திறந்து பார்த்தேன். கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கேட்டால் போடுவார்கள்தான். கேட்கவில்லை.

ஜனவரி 9, சனி. ஏகாதசி

பனி. விடியுமுன் ஊரே ஒரு குரலாக "ரங்கா ரங்கா" என்றது. வாசல் திறந்துவிட்டது என்று பொருள். வெறும் வயிற்றோடு முதல் பஸ்.

ஜா. வெள்ளையாக இருந்தாள். தலையணை உறையும் அவளும் ஒரு நிறம். மேஜையில் பால், ஆடை படிந்து.

"குடிக்கமாட்டேங்கறாங்க சார். நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுலயும் நோன்பு உண்டு, நோயாளிக்கு யாரும் சொல்றதில்லை," என்றாள் ஆரோக்கியமேரி.

சொன்னேன். நோயாளிக்கு விரதம் இல்லை என்று சாஸ்திரமே சொல்கிறது என்றேன். "நீங்க சாஸ்திரம் சொன்னா நான் கேக்கணுமா?" என்றாள். கெஞ்சினேன். இந்தக் கையால் அதை எழுத வேண்டியிருக்கிறது: கெஞ்சினேன், பக்கத்துக் கட்டில் கேட்க. தலையை மட்டும் ஆட்டினாள்.

பத்து மணிக்கு ஜட்காவில் மூவரும். ஈரத்தலை, புதுத் திருமண், கழுத்தில் துளசி. வரதன் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் போல இறங்கினார். ரத்த பாங்க் அறையில் ஆரோக்கியமேரி பேனாவைத் திறந்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இன்னிக்கு ஏகாதசிம்மா," என்றார் வரதன், குழந்தைக்குச் சொல்வது போல. "தீர்த்தம்கூடக் கிடையாது."

"நேத்து ராத்திரி?"

"நேத்திக்கு தசமி. ஒரு வேளைதான்."

"தூங்கினீங்களா?"

"வாசல் திறக்கற ராத்திரி யாராவது தூங்குவாளா?"

பேனாவை மூடினாள். "ஏகாதசி எனக்குத் தெரியும் சார். பாட்டிலுக்குத் தெரியாதே," என்று டாக்டரை அழைக்கப் போனாள்.

டாக்டர் மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப எடுத்தா மூணு பேரும் எழுந்திருக்கறப்பவே கீழ விழுவீங்க. அப்புறம் உங்களுக்கு நான் ஆள் தேடணும். எதிர்க்க காபி கிளப் இருக்கு. நாலு இட்லி சாப்பிட்டு, அரைமணி உக்காந்துட்டு வாங்க. எடுத்துக்கறேன்."

"இட்லியா?" என்றார் ராகவன். விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தால்கூடக் குரல் அவ்வளவு உயர்ந்திராது. "ரெண்டு வாழைப்பழம்?"

"போதாது."

"நாளைக்கு துவாதசி பாரணை ஆன கையோட…" என்று வரதன் தொடங்கினார்.

"நாளைக்கு ஞாயிறு. பாங்க் மூடி. திங்கக்கிழமை வரைக்கும் அவங்க தாங்குவாங்கன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

சம்பத்து அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். ராகவன் மெதுவாக: "நாப்பது வருஷம், அண்ணா."

ஏகாதசியன்று இந்த வீட்டார் பட்டினி என்பது தெருவில் திரியும் மாட்டுக்கும் தெரியும். சாப்பிட்டுவிட்டுத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்பது நவம்பரிலிருந்து எனக்குத் தெரியும். எனக்கு அன்று உப்புமா கொடுத்துத்தான் எடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு ரசாயன எம்.எஸ்ஸி.க்கு வியாழனும் வெள்ளியும் போதவில்லை. நல்ல நாள் என்றார்கள், தலையாட்டினேன்.

"போய்வாருங்கள்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதை எப்படிச் சொன்னேனோ, சம்பத்து பின்வாங்கினான். ஜட்கா போயிற்று.

கேட்டுக்குப் போனேன், விற்பவர்களைத் தேடி. டாக்டர் காலில் விழுந்தாவது ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்று. வேப்பமரத்தடியில் ஒருவன் மட்டும். என்னை அடையாளம் கண்டான். "எங்கள உள்ளயே விடமாட்டேங்கறாங்க சாமி. நீங்க படிச்சவரு, ஒரு வார்த்தை சொல்லுங்க." கண்ணின் கீழிமையை இழுத்துக் காட்டினான், அதில் சிவப்பு இருக்கிறது என்று நிரூபிக்க. இல்லை.

திரும்பும்போது எதிர்க் கிளப்பின் உள்ளே, கடைசி மேஜையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒருவர். முதுகை அடையாளம் தெரிந்தது. குடுமியையும். இலையில் பொங்கல், இட்லி. வேகமாகச் சாப்பிட்டார், பசித்தவர் சாப்பிடுவது போல அல்ல. மருந்து விழுங்குவது போல. சர்வர் சாம்பார் வாளியோடு வந்தபோது முகத்தைத் திருப்பினார். நெற்றியில் திருமண் இல்லை. ஈரத் துண்டால் அழித்திருக்கிறார். புருவத்தின் நடுவே சிவப்பு மட்டும் லேசாக ஒட்டியிருந்தது. நாமம் போட்ட ஆள் ஏகாதசியன்று பொங்கல் தின்றான் என்று யாரும் சொல்லக்கூடாது.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே போகவில்லை. போய் என்ன சொல்வது? வார்டுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜா.விடம் ஒன்றும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து ஆரோக்கியமேரி கதவிலிருந்தே: "சார், ஒரு பாட்டில் வந்துருச்சு. அம்மா குரூப் ஒண்ணு உள்ள இருக்கு. எடுத்துட்டு வரேன்."

பாட்டில் தொங்கவிடப்பட்டது. சொட்டு விழ ஆரம்பித்தது. அப்போது வரதன் உள்ளே வந்தார், முழங்கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்தபடி. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஜா. அவர் கையைப் பார்த்தாள். பிறகு நெற்றியைப் பார்த்தாள்.

"அண்ணா, நெத்தி ஏன் காலியா இருக்கு?"

அவர் துண்டை எடுத்து, இல்லாத வியர்வையைத் துடைத்தார். நாமமும் விரதமும் இல்லாத வரதனை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. பிறகு:

"சிஸ்டர், அந்தப் பாலைக் கொண்டாங்கோ."

ஆறியது வேண்டாம், சுடவைத்துத் தருகிறேன் என்றாள் ஆரோக்கியமேரி. வேண்டாம், அதையே கொடு என்று ஜா. வாங்கி, ஆடையோடு குடித்தாள். வரதன் டம்ளரைப் பிடித்துக்கொண்டார். அண்ணனும் தங்கையும் என்னைப் பார்க்கவில்லை. நான் காலையிலிருந்து கெஞ்சிய பால் அது. சந்தோஷம்தான் படவேண்டும்.

வராந்தாவுக்கு வந்ததும் வரதன் மடியிலிருந்து சின்ன திருமண் பெட்டியை எடுத்தார். ஜா.வின் கைக்கண்ணாடியைக் கேட்டார். "கொஞ்சம் பிடிங்கோ, மாப்பிள்ளை." குழாயடியில் நின்று, தண்ணீரில் குழைத்து இட்டுக்கொண்டார். நான் கண்ணாடியைப் பிடித்திருந்தேன். அதில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

"கோணலா இருக்கா?"

"இல்லை."

கோணலாக இருந்தது.

"ஜட்கா கிடைக்குமா பாருங்கோ," என்றார். போய்விட்டார்.

இந்த மனிதரை வெறுப்பது எனக்கு வசதியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷ வசதி.

ஜனவரி 10, ஞாயிறு. துவாதசி

வெயில். விடியற்காலையில் பாரணை, விரதம் முடிக்கும் சாப்பாடு. கூடம் முழுக்க இலை. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய். வரதன் முதல் இலை. திருமண் இன்று கோடு போட்டது போல நேர்.

ஆஸ்பத்திரியில் நடந்தது இந்த வீட்டில் எப்படி வழங்குகிறது என்று அப்போது தெரிந்துகொண்டேன்: "யாரோ ஒரு புண்யவான் வந்து குடுத்தான்." யார் என்று யாரும் கேட்கவில்லை. குலம் கோத்திரமும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் சம்பத்து ஜட்காவிலிருந்து இறங்கிப் பஸ் ஸ்டாண்டில் காபி குடித்தது எப்படியோ வெளிவந்துவிட்டது. வரதன் பிடித்துக்கொண்டார்.

"ஒரு நாள். வருஷத்துல ஒரு நாள் நாக்கைக் கட்ட முடியலை உனக்கு. காபி! பரமபத வாசல் தாண்டின வாயி!"

"தலைவலிப்பா."

"தலை வலிச்சா வலிக்கட்டும். இதோ இருக்காரே, உன் அத்திம்பேர். நம்பிக்கை கிடையாது, கோயிலுக்கு வரமாட்டார். ஆனா நேத்திக்கு இந்த ஆத்துல தண்ணிகூடப் பல்லுல படாம சுத்தமா ஏகாதசி இருந்தவர் அவர் ஒருத்தர்தான். கத்துக்கோ."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கமலம் என் இலையில் இன்னொரு கரண்டி அகத்திக்கீரை வைத்தாள். வரதன் என்னைப் பார்க்கவில்லை, பச்சடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மை. நேற்று நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சனிக்கிழமை இரவு வரை அது எனக்கே நினைவில்லை. என்னை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கேட்பவள் கட்டிலில் இருந்தாள்.

கீரையை விழுங்கினேன்.

ஜனவரி 11, திங்கள்

பனி இல்லை. காலை ரயிலுக்கு எல்லோரும் போய்விட்டார்கள். வாசலில் ஜட்காவில் ஏறும்போது வரதன் நின்று, "ஜாக்கிரதையா பாத்துக்கோங்கோ" என்றார். தலையசைத்தேன். அவர் கை தொட்டது, முழங்கையில். ஒருவேளை ஜட்கா ஆடியதால் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

வீடு சத்தமின்றி. டம்ளரைப் பழைய இடத்தில் வைத்தேன். கிண்ணத்தையும் நிமிர்த்தி வைத்தேன்.

ஜா.வின் உதட்டில் நிறம். மூக்கில் ரத்தம் இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை ராத்திரி உங்க பங்கை யார் பிசைஞ்சு வெச்சா?" என்றாள். கமலம் என்றேன்.

டாக்டர்: அடுத்தது ஜனவரி 30, சனி.

வீடு வந்ததும் பஞ்சாங்கம் பார்த்தேன். அன்று விரதம் எதுவும் இல்லை. ஆளும் இல்லை.